வலுவாக உட்கவரும் பொருள் ஏன் பளபளக்கிறது? – திண்மங்களில் எதிரொளிப்பும் உட்கவர்தலும்

கதிர்விழி:

இயற்பியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். ஒரே இடத்தில் சில நாட்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பொருளின் மேல் விழும் ஒளியில் ஒரு பங்கு எதிரொளிக்கிறது, ஒரு பங்கு உட்கவரப்படுகிறது, மீதி ஊடுருவிப் போகிறது. மூன்றையும் கூட்டினால் 100 சதவீதம். இதன்படி எதிரொளிப்பு கூடினால் உட்கவர்தல் குறைந்தே ஆக வேண்டும்.

ஆனால் திண்மங்களின் ஒளியியல் பண்புகள் வகுப்பில் ஆசிரியர் வேறொன்று சொன்னார். எந்த அலைநீளத்தை ஒரு திண்மம் மிக வலுவாக உட்கவர்கிறதோ, பெரும்பாலும் அதே அலைநீளத்தைத்தான் அது மிக வலுவாக எதிரொளிக்கும் என்றார். அட்டவணையைப் புரட்டினால் உட்கவர் குணகம் மிக அதிகமாக இருப்பது உலோகங்களுக்குத்தான். அவைதான் நல்ல ஆடிகளாகவும் இருக்கின்றன. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாகும்? சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எடுக்கத் தெரிகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

நேர்கோடு:

ஆற்றல் அழியாது. எதிரொளித்தது போக மீதியைத்தான் பொருள் உட்கவர முடியும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. வெள்ளி 98 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால் அது உட்கவர்வது வெறும் 2 சதவீதம்தான். அப்படியிருக்க வெள்ளியை வலுவான உட்கவர் பொருள் என்று எந்தக் கணக்கில் சொல்வது? அந்த அட்டவணை எதை அளக்கிறது என்று முதலில் பாருங்கள்.

படிகமேசை:

நேர்கோடு சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறார். அட்டவணை அளப்பது ஒன்று, கூட்டுத்தொகையில் வருவது வேறொன்று.

கூட்டுத்தொகையில் வருவது உட்கவர் பங்கு: விழுந்த ஒளியில் எத்தனை சதவீதம் பொருளுக்குள்ளேயே தங்கி வெப்பமானது என்பது. தடிமன், பரப்பின் வழவழப்பு, ஒளி விழும் கோணம் எல்லாவற்றுக்கும் தக்கபடி அது மாறும். உட்கவர் குணகம் அப்படியல்ல. உள்ளே நுழைந்துவிட்ட ஒளி எவ்வளவு தொலைவுக்குள் தேயும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. நுழைந்தது எவ்வளவு என்பது அதன் கணக்கில் வராது. வெள்ளிக்குள் நுழையும் பச்சை ஒளியின் செறிவு சுமார் 12 நானோமீட்டரிலேயே 37 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. அவ்வளவு கடுமையான தேய்மானம். ஆனால் அந்த வாசலைத் தாண்டுவதே 2 சதவீதம்தான். ஆக, ஆசிரியர் சொன்னது குணகத்தைப் பற்றி. 100 சதவீதக் கணக்கு பங்கைப் பற்றி. இரண்டும் மோதிக்கொள்ளவில்லை.

இனி எண்களுக்கு வருவோம். உட்கவரும் பொருளின் ஒளிவிலகல் எண் ஒரு கலப்பெண். அதன் மெய்ப்பகுதியை 'ம' என்றும் கற்பனைப் பகுதியை 'க' என்றும் வைத்துக்கொள்வோம். உள்ளே அலையின் வேகம் 'ம'வைப் பொறுத்தது, அலை தேயும் விரைவு 'க'வைப் பொறுத்தது. உட்கவர் குணகம் என்பது 4π × க ÷ அலைநீளம். காற்றிலிருந்து செங்குத்தாக விழும் ஒளிக்கு எதிரொளிப்பு:

[(ம − 1)² + க²] ÷ [(ம + 1)² + க²]

சாதாரணக் கண்ணாடிக்கு ம = 1.5, க ஏறக்குறைய சுழி. விடை 4 சதவீதம். இப்போது ம-வை 1.5 ஆகவே நிறுத்திவிட்டு, க-வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். அலைநீளம் 550 நானோமீட்டர் என்க.

கறுப்புக் கண்ணாடி அணிந்து வெயிலில் போகிறோமே, அந்த 2 மில்லிமீட்டர் கண்ணாடி 15 சதவீத ஒளியைத்தான் விடுகிறது என்றால் அதன் க எவ்வளவு தெரியுமா? 0.00004 அளவுதான். எதிரொளிப்பில் இதனால் துளி மாற்றமும் இல்லை.

க = 0.1 வரை போகலாம். இப்போது 2 மைக்ரோமீட்டர் தடிமனிலேயே ஒளி 1 சதவீதமாகத் தேய்ந்துவிடும். அதாவது முடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஏடே கண்ணுக்கு முழுக் கறுப்பு. எதிரொளிப்போ 4.15 சதவீதம்! வெறும் கண்ணாடியிலிருந்து அசையவே இல்லை.

க = 1 என்றால் எதிரொளிப்பு 17 சதவீதம். க = 3 என்றால் 61 சதவீதம். ஒளி நுழைந்த வேகத்தில் தேய்கிற நிலை வந்த பிறகுதான், அதாவது தேயும் தொலைவு அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பிறகுதான், உட்கவர்தல் எதிரொளிப்பில் தலைகாட்டுகிறது. நாம் அன்றாடம் 'நிறமுள்ளது', 'கறுப்பானது' என்று சொல்லும் பொருட்கள் அநேகமாக எல்லாமே அந்த எல்லைக்கு வெகு கீழே இருப்பவை. அதனால்தான் 'உட்கவர்ந்தால் எதிரொளிக்காது' என்ற எண்ணம் நம் மனத்தில் அவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது.

கையோடு பார்க்க ஒன்று சொல்கிறேன். மெருகேற்றிய கறுப்பு அக்ரிலிக் தகடு ஒன்றையும், பின்பக்கம் கறுப்பு வண்ணம் அடித்த தெளிந்த கண்ணாடி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரு விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே பிரகாசத்தில் தெரியும். முன்னதில் பொருளே கறுப்பு, பின்னதில் பொருள் தெளிவு. பிம்பத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

கதிர்விழி:

மிக்க நன்றி ஐயா. 0.00004-லிருந்து 3 வரையிலான அந்த ஏற்றம் கண்ணைத் திறந்துவிட்டது. ஆனாலும் என் கேள்வியின் மறுபாதி நிற்கிறது. க பெரிதானால் ஒளி விரைவில் தேய வேண்டும், அவ்வளவுதானே? தேய்வது உள்ளே நடப்பது. வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலையை அது எப்படிச் செய்கிறது?

அலைமுகம்:

வாசலில் யாரும் நின்று திருப்பி அனுப்புவதில்லை. அந்தப் படத்தை முதலில் மனத்திலிருந்து அழித்துவிடுங்கள்.

ஒளியின் மின்புலம் திண்மத்தின் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் மின்னூட்டம் தானே ஒளியை உமிழும். ஒரு மெல்லிய அணு அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், அது உமிழும் அலை முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே அளவில் போகிறது. முன்னோக்கிப் போகும் பகுதி, வந்த அலையோடு கூடி அதன் கட்டத்தை (ஏற்ற இறக்கத்தில் அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை) தள்ளுகிறது அல்லது அலையையே குறைக்கிறது. கட்டம் தள்ளிப்போவதைத்தான் ஒளிவிலகல் என்கிறோம், குறைவதைத் தேய்மானம் என்கிறோம். பின்னோக்கிப் போகும் பகுதிதான் எதிரொளிப்பு. மூன்றையும் செய்வது அதே எலக்ட்ரான்கள், அதே ஆட்டம்.

தெளிந்த கண்ணாடியில் ஒளி ஆழமாகப் போகிறது. ஆயிரமாயிரம் அடுக்குகள் பின்னோக்கி உமிழ்கின்றன. ஆனால் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பும் அலை வெவ்வேறு கட்டத்தில் வந்து சேர்வதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பரப்பை ஒட்டிய மெல்லிய பகுதியின் பங்கு மட்டும் அழியாமல் எஞ்சுகிறது. அதுதான் அந்த 4 சதவீதம்.

இப்போது வலுவாக உட்கவரும் திண்மத்துக்கு வாருங்கள். வலுவாக உட்கவர்கிறது என்றால் எலக்ட்ரான்கள் அந்த அதிர்வெண்ணுக்கு மிக வலுவாக ஆடுகின்றன என்று பொருள். வலுவாக ஆடினால் வலுவாக உமிழும். அதோடு அலை சில பத்து நானோமீட்டருக்குள் முடிந்துவிடுவதால், ஆடும் அடுக்குகள் எல்லாம் அலைநீளத்தைவிட மிகக் குறுகிய இடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றிலிருந்து திரும்பும் அலைகளுக்குள் கட்ட வேறுபாடு சிறிதே. ஒன்றையொன்று அழிக்க வழியில்லாமல் எல்லாம் சேர்ந்து திரும்பி வருகின்றன. உள்ளே போன அலையை எந்த ஆட்டம் இல்லாமல் செய்ததோ, அதே ஆட்டம்தான் வெளியே அலையை அனுப்புகிறது.

மெல்லிய கயிற்றின் முனையில் தடித்த கயிற்றை முடிந்துவிட்டு உதறிப் பாருங்கள். அலை முடிச்சில் மோதித் திரும்பும். தடித்த கயிறு அலையை வேண்டாம் என்று மறுக்கவில்லை. திடீரென்று பண்பு மாறும் இடம் எதுவானாலும் அலை அங்கே உடையும், அவ்வளவுதான். ஒளிவிலகல் எண்ணில் ம மாறினாலும் சரி, க மாறினாலும் சரி, மாற்றம் திடீரென்று வந்தால் எதிரொளிப்பு உண்டு. 'திடீரென்று' என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாயக்கூடம்:

நான் சாய வேதியியலில் வேலை செய்பவள். எங்களுக்கு இது தினமும் கண்ணில் படும் காட்சி. ஃபியூக்ஸின் என்ற சாயத்தைத் தண்ணீரில் கரைத்தால் ஆழ்ந்த மெஜந்தாச் சிவப்பு. ஏனென்றால் அது பச்சை ஒளியை உட்கவர்கிறது. அதே சாயத்தின் படிகத்தைச் சீசாவில் பாருங்கள்: வண்டின் முதுகு போலப் பச்சையாக, உலோகம் போல மின்னும். கரைசலில் எந்தப் பச்சை காணாமல் போகிறதோ, அந்தப் பச்சைதான் படிகத்தின் முகத்திலிருந்து நம் கண்ணுக்கு வருகிறது. முதல்முறை பார்க்கிற எவரும் சீசாவில் வேறு சாயம் இருக்கிறது என்றே நினைப்பார்கள்.

கரைசலில் மூலக்கூறுகள் விலகி விலகி இருக்கின்றன, க மிகச் சிறியது. படிகத்தில் அவை நெருங்கி அடைந்திருக்கின்றன, பச்சையில் க ஒன்றை நெருங்கும் அளவுக்கு ஏறிவிடுகிறது. படிகமேசை ஐயா போட்ட கணக்கு அப்படியே இங்கே நடக்கிறது.

ஆய்வகம் வேண்டாம் என்றால் நீல மையை எடுத்துக்கொள்ளுங்கள். மை உறிஞ்சாத வழவழப்பான பரப்பில், கண்ணாடித் துண்டில் என்றாலும் சரி, ஒரு சொட்டு விட்டு நன்றாகக் காயவிடுங்கள். சாயம் அடர்ந்து படிந்த இடத்தைச் சாய்த்து, விளக்கின் பிம்பம் அதில் விழும்படி பாருங்கள். பல நீல மைகளில் செம்பு நிறத்தில், செந்நிறத்தில் ஒரு மினுமினுப்பு தெரியும். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஊடே பார்த்தால் நீலம், மேலிருந்து பார்த்தால் சிவப்பு. அந்தச் சிவப்பைத்தான் நீலச் சாயம் உட்கவர்கிறது.

ஒரே பொருளுக்கு இரண்டு நிறங்கள். பரப்பில் பட்டவுடன் திரும்பும் ஒளியின் நிறம் ஒன்று. உள்ளே போய் அலைந்து, சிதறி, ஒரு பகுதியை இழந்து வெளியே வரும் ஒளியின் நிறம் மற்றொன்று. இலை, துணி, வண்ணப்பூச்சு என்று நாம் பார்க்கும் நிறமெல்லாம் இரண்டாவது வகை. தங்கம், செம்பின் நிறம் முதல் வகை. பாடநூல்கள் இந்த இரண்டையும் 'எதிரொளிப்பு' என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டு நகர்வது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். மாணவர்களின் பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வெள்ளிப்பூச்சு:

ஆடிகளுக்கு உலோகப் பூச்சு இடும் தொழிலில் இருக்கிறேன். இதுவரை சொன்னதில் ஒன்றை ஏற்க எனக்குத் தயக்கம். 'வலுவாக உட்கவரும், ஆகவே வலுவாக எதிரொளிக்கும்' என்பது விதி என்றால், டங்ஸ்டன் ஏன் நல்ல ஆடி ஆவதில்லை? மெருகேற்றிய டங்ஸ்டன் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பாதியைத்தான் திருப்புகிறது. குரோமியமும் வெள்ளிக்குப் பக்கத்தில் வர முடியாது. இவை எல்லாமே சில பத்து நானோமீட்டரில் ஒளியைத் தேய்ப்பவைதான். தேய்ப்பதில் எல்லாம் ஏறக்குறைய ஒரே தரம், எதிரொளிப்பதில் மட்டும் ஏன் இத்தனை வித்தியாசம்?

படிகமேசை:

இந்த இழையிலேயே மிக நல்ல கேள்வி இதுதான். விடை சொல்ல நான் மேலே பட்டும் படாமலும் விட்ட ஒன்றை எடுக்க வேண்டும். க என்பது தேய்மானத்தின் அளவு. தேய்மானமும் ஆற்றல் இழப்பும் ஒன்றல்ல.

பச்சை ஒளிக்கு வெள்ளியின் ம சுமார் 0.06, க சுமார் 3.6. சூத்திரத்தில் போடுங்கள்: 98 சதவீதம். டங்ஸ்டனுக்கு ம சுமார் 3.5, க சுமார் 2.7. விடை 49 சதவீதம். க-வில் பெரிய வேறுபாடு இல்லை. வித்தியாசம் முழுக்க ம-வில் இருக்கிறது. ம சுழியை நெருங்க நெருங்க, மேலே உள்ள (ம − 1)² என்பதும் கீழே உள்ள (ம + 1)² என்பதும் இரண்டுமே ஒன்றை நெருங்குகின்றன. பின்னம் முழுமையாக 1 ஆகிவிடும். அதாவது ம சுத்தமாகச் சுழி, க மட்டும் உண்டு என்ற கற்பனை உலோகத்தில் ஒளி உள்ளே சில நானோமீட்டரில் தேய்ந்து மறைகிறது, ஆனால் ஒரு துளி கூட வெப்பமாவதில்லை. அத்தனையும் திரும்பி வந்துவிடுகிறது. அலை உள்ளே மெல்ல எட்டிப் பார்த்துவிட்டு முழு ஆற்றலோடு திரும்புகிறது.

உண்மையான இழப்பைத் தீர்மானிப்பது மின்காப்பு மாறிலியின் கற்பனைப் பகுதி. அது 2 × ம × க. வெள்ளிக்கு 2 × 0.06 × 3.6, அரைக்கும் கீழே. டங்ஸ்டனுக்கு 2 × 3.5 × 2.7, ஏறத்தாழ 19. இப்போது தெரிகிறதா? வெள்ளியில் எலக்ட்ரான்கள் தங்குதடையின்றி, புலத்துக்கு எதிர்க்கட்டத்தில் ஆடுகின்றன. வாங்கியதை அப்படியே திருப்பித் தருகின்றன. டங்ஸ்டனில் அதே ஒளி, எலக்ட்ரான்களை ஒரு பட்டையிலிருந்து (திண்மத்தில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நெடுக்கத்திலிருந்து) இன்னொரு பட்டைக்கு உயர்த்திவிடுகிறது. அந்த ஆற்றல் படிகத்துக்குள் வெப்பமாகிப் போய்விடும்.

தங்கத்தின் மஞ்சளும் இதே கதைதான். சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், அதாவது 520 நானோமீட்டர் அருகே, பட்டைத் தாவல் தொடங்கிவிடுகிறது. அதைவிடக் குறுகிய நீல அலைகளில் எதிரொளிப்பு சரிகிறது. சிவப்பும் மஞ்சளும் மட்டும் ஆடிபோலத் திரும்புகின்றன. 100 நானோமீட்டர் அளவுக்கு அடித்து மெலிதாக்கிய தங்க ஏட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பச்சையாகத் தெரிவதும் இதனால்தான். வெள்ளிக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு, ஆனால் அது புற ஊதாவில் இருக்கிறது. 320 நானோமீட்டர் அருகே வெள்ளியின் எதிரொளிப்பு 10 சதவீதத்துக்கும் கீழே விழுந்துவிடும். வெள்ளிப்பூச்சு அவர்களுக்கு இது தொழிலிலேயே தெரிந்திருக்கும்.

ஆகவே ஆசிரியர் சொன்ன வாக்கியத்தைத் துல்லியமாக்கினால்: ஒளியை மிக விரைவில் தேய்க்கும் திண்மம் நன்றாக எதிரொளிக்கும். அந்தத் தேய்மானத்தில் உண்மையான இழப்பு எவ்வளவு குறைவோ, எதிரொளிப்பு அவ்வளவு முழுமை பெறும்.

வெள்ளிப்பூச்சு:

தெரியும் ஐயா. புற ஊதா வேலைக்கு யாராவது ஆடி கேட்டால் வெள்ளியைத் தொடவே மாட்டோம், அலுமினியம்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அலுமினியம் 90 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும், ஆனால் புற ஊதாவிலும் அதே தரத்தைக் காக்கும். காரணம் இவ்வளவு தெளிவாக இன்றுதான் கேட்கிறேன்.

நேர்கோடு:

சரி, அப்படியானால் கரி? கிராஃபைட்டும் புகைக்கரியும் ஒரே கார்பன். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் சாம்பல் நிறத்தில் மினுங்குகிறது. விளக்குப் புகை படிந்த கரி ஒளியை விழுங்கிவிடுகிறது. உட்கவர்தல் கூடினால் எதிரொளிப்பும் கூடும் என்றால் கரி ஏன் மினுங்கவில்லை?

படிகமேசை:

அலைமுகம் 'திடீரென்று' என்ற சொல்லைக் கவனித்து வைத்துக்கொள்ளச் சொன்னாரே, அதற்கான இடம் வந்துவிட்டது.

கிராஃபைட்டின் வழவழப்பான முகத்தில் காற்று முடிந்து கார்பன் ஒரே அடியில் தொடங்குகிறது. சுமார் 30 சதவீத ஒளி திரும்புகிறது. புகைக்கரியில் நானோ அளவிலான துகள்கள் பஞ்சுபோல அடைந்திருக்கின்றன, பெரும்பகுதி காற்று. அலைக்கு அங்கே முகம் என்று ஒன்று இல்லை. காற்று மெல்ல மெல்லக் கார்பனாக மாறுகிறது. முகம் இல்லாததால் திரும்புவது மிகக் குறைவு, உள்ளே நுழைவதோ ஏறக்குறைய அனைத்தும். நுழைந்தபின் தப்பிக்க வழியில்லை.

அதே இயல்பை உலோகங்களிலும் பார்க்கலாம். புகைப்படச் சுருளின் கறுப்புப் பகுதியில் இருப்பது நுண்துகள் வெள்ளி. ஆடியின் பின்னால் இருக்கும் அதே வெள்ளி. தங்கத்தைக் குறைந்த அழுத்த வாயுவில் ஆவியாக்கிப் படிய வைத்தால் வெல்வெட் போன்ற கறுப்புப் படலம் கிடைக்கும். அகச்சிவப்பு உணரிகளில் அதைத்தான் உட்கவர் பூச்சாகப் பயன்படுத்தினார்கள். 2014-இல் வெளிவந்த வான்டாபிளாக் என்ற கார்பன் நானோகுழாய்ப் பூச்சு 99.965 சதவீத ஒளியை உட்கவர்கிறது. செங்குத்தாக, இடைவெளி விட்டு நிற்கும் குழாய்க் காடு அது. அதிலும் இதே உத்திதான். பொருள் எது என்பதைவிட, அதற்குள் ஒளியை எப்படி நுழைய விடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

சாயக்கூடம்:

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று. மயில் துத்தத்தின் பெரிய படிகம் ஆழ்ந்த நீலம். அரைக்க அரைக்க வெளிறி, கடைசியில் இளநீலப் பொடி. ஃபியூக்ஸின் படிகத்தை அரைத்தால் பச்சை மினுக்கு மறையும். இரண்டிலும் வேதிப்பொருள் மாறவில்லை, ஒளி உள்ளே நடக்கும் தூரம்தான் மாறியது. மயில் துத்தத்தின் க மிகச் சிறியது. துகள் சிறுத்தால் ஒளி ஒவ்வொரு துகளுக்குள்ளும் கொஞ்ச தூரமே போய்ச் சிதறி வெளியே வந்துவிடும், உட்கவர நேரமில்லை. வெண்மை கூடுகிறது. நிறப்பொடி தயாரிப்பவர்கள் துகளின் அளவை அவ்வளவு கவனமாகக் கட்டுப்படுத்துவது இதனால்தான்.

ஈரத்துணி கருத்துத் தெரிவதும் இதோடு சேர்ந்ததே. இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தவுடன் ஒளிவிலகல் எண்ணின் தாவல் குறைகிறது, சிதறல் குறைகிறது, ஒளி ஆழமாக இறங்கி அதிகம் உட்கவரப்படுகிறது. தண்ணீரா ஒளியைக் குடித்தது? இல்லை, துணிதான்.

அலைமுகம்:

இன்னும் ஆழமான ஒரு பிணைப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த விவாதம் நிறைவாகாது. ம-வும் க-வும் தனித்தனி எண்கள் அல்ல. 1926, 1927 ஆண்டுகளில் குரோனிக், கிராமர்ஸ் இருவரும் தனித்தனியே காட்டியது இது: எல்லா அதிர்வெண்களிலும் க தெரிந்தால் ம-வைக் கணக்கிட்டுவிடலாம், ம தெரிந்தால் க-வைக் கணக்கிடலாம். அதற்கு அடிப்படையாக வேண்டியது ஒரே ஒரு நிபந்தனை: காரணத்துக்கு முன்னால் விளைவு வரக்கூடாது. ஒளி வந்து தொடுவதற்கு முன் எலக்ட்ரான் ஆடத் தொடங்கக் கூடாது. இவ்வளவு எளிய நிபந்தனையிலிருந்து இவ்வளவு கறாரான ஒரு சமன்பாடு பிறப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இதன் விளைவைப் பாருங்கள். தெளிந்த கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியை உட்கவர்வதில்லை. பிறகு ஏன் 4 சதவீதத்தை எதிரொளிக்கிறது? அதன் ம 1.5 ஆக இருப்பதால். ம ஏன் 1.5? பெரும்பாலும் கண்ணாடி புற ஊதாவில் வலுவாக உட்கவர்வதால்! எங்கோ நடக்கும் உட்கவர்தல் இங்கே எதிரொளிப்பாகத் தெரிகிறது. எந்த அலைநீளத்திலும் உட்கவராத திண்மம் ஒன்று இருந்தால் அதன் ஒளிவிலகல் எண் எல்லா இடத்திலும் 1 ஆக இருக்கும். அது எதையும் எதிரொளிக்காது.

உட்கவர்தல் தொடங்கும் எல்லை நெருங்கி வந்தால் எதிரொளிப்பு கூடுகிறது. வைரத்துக்கு ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் அடுத்த பட்டைக்குத் தாவத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 5.5 எலக்ட்ரான் வோல்ட், ம 2.42, எதிரொளிப்பு 17 சதவீதம். சிலிக்கானுக்கு இடைவெளி 1.12 மட்டுமே, பச்சை ஒளியில் ம 4.1 அளவில், எதிரொளிப்பு 37 சதவீதம். சிலிக்கான் வில்லை உலோகம் போல மினுங்குவது அதனால்தான். அதே சிலிக்கான் புற ஊதாவில், 290 நானோமீட்டர் அருகே, க ஐந்தைத் தாண்டும்போது 70 சதவீதம் வரை எதிரொளிக்கிறது. சூரிய மின்கலம் செய்பவர்கள் இதனால் படும் பாடு பெரிது: நன்றாக உட்கவரும் பொருள் வேண்டும், ஆனால் அதுவே மூன்றில் ஒரு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சுமார் 75 நானோமீட்டர் சிலிக்கான் நைட்ரைடு பூச்சு போட்டு, பரப்பைக் கூம்பு கூம்பாக அரித்து, அதைச் சமாளிக்கிறார்கள்.

எலக்ட்ரானுக்கு மட்டுமல்ல, அணுக்களின் அதிர்வுக்கும் இது பொருந்தும். கல் உப்புப் படிகம் கண்ணுக்குத் தெளிவு. ஆனால் 50 மைக்ரோமீட்டர் அருகே அதன் அயனிகள் ஒளியோடு ஒத்ததிர்கின்றன, அங்கே அது உலோகம் போல எதிரொளிக்கிறது. வெப்பக் கதிரைப் பல முறை இப்படிப்பட்ட படிகங்களில் மோதவிட்டு, அந்த அலைநீளத்தை மட்டும் பிரித்தெடுத்தார் ரூபன்ஸ். 1900-இல் அவரும் குர்ல்பாமும் இந்த வழியில் செய்த அளவீடுகள்தான் பிளாங்க் தம் கதிர்வீச்சுச் சூத்திரத்தை எட்டக் காரணமாயின.

மெல்லேடு:

இவ்வளவையும் படித்த பிறகு என் ஆய்வு முடிவுகள் மீதே ஐயம் வந்துவிட்டது. கண்ணாடித் தகட்டின் மேல் குறைக்கடத்தி மெல்லேடு படிய வைத்து, நிறமாலைமானியில் ஊடுருவும் ஒளியை மட்டும் அளந்து, கருவி காட்டும் உட்கவர் எண்ணை (ஊடுருவிய பங்கின் பத்தடி மடக்கை, எதிர்க்குறியோடு) அப்படியே வைத்து ஆற்றல் இடைவெளியைக் கணக்கிட்டு வருகிறேன். இது சரிதானா?

படிகமேசை:

கருவிக்கு எதிரொளிப்பு தெரியாது. ஊடுருவி வராத அத்தனையையும் அது உட்கவர்தல் என்றே எழுதும். வெறும் தெளிந்த கண்ணாடித் தகட்டை வையுங்கள்: இரு முகங்களிலும் எதிரொளித்தது போக 92 சதவீதம் வரும், கருவி 0.035 என்று காட்டும். இரு பக்கமும் மெருகேற்றிய சிலிக்கான் வில்லையை 1500 நானோமீட்டரில் வைத்தால் 53 சதவீதம்தான் வரும், 0.275 என்று காட்டும். சிலிக்கான் அங்கே ஒளியை உட்கவரவே இல்லை! அந்த எண் முழுக்க எதிரொளிப்பு.

கரைசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெறும் கரைப்பான் உள்ள குப்பியை வைத்துக் கழித்தாலே போதும், இரண்டிலும் எதிரொளிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். மெல்லேட்டில் வெறும் கண்ணாடியைக் கழித்தால் போதாது, ஏட்டின் ஒளிவிலகல் எண் வேறு. அதற்கு மேல் ஏட்டின் இரு முகங்களிலிருந்தும் திரும்பும் அலைகள் குறுக்கிட்டு வரைகோட்டில் அலையலையாக ஏற்ற இறக்கம் தரும். இடைவெளியைக் கண்டுபிடிக்க, வரைகோடு ஏறும் பகுதியில் ஒரு நேர்கோடு வரைந்து ஆற்றல் அச்சுவரை நீட்டும்போது அந்த ஏற்ற இறக்கத்தின் சரிவில் கோடு போய் உட்கார்ந்தால் விடை பொய்யாகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். அதே இடத்தில், அதே அலைநீளங்களில் எதிரொளிப்பையும் அளந்துகொள்ளுங்கள். ஏடு சொரசொரப்பாக இருந்தால் ஒருங்கிணைப்புக் கோளத்தோடு (எல்லாத் திசைகளிலும் சிதறும் ஒளியைத் திரட்டும் உள்ளீடற்ற கோளம்) அளக்க வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் சிதறிய ஒளியும் உட்கவர்தல் கணக்கில் ஏறிவிடும். பிறகு உட்கவர் குணகத்துக்கு: (1 − எதிரொளிப்பு)² என்பதை ஊடுருவிய பங்கால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, தடிமனால் வகுங்கள். இது தோராயம்தான், ஆனால் வலுவாக உட்கவரும் பகுதியில் நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் உள்ளுக்குள் பலமுறை மோதித் திரும்பும் ஒளி அங்கே தேய்ந்துபோய்விடுகிறது. இடைவெளிக்குக் கீழே, ஏடு தெளிவாக இருக்கும் பகுதியில், எதிரொளிப்பையும் ஊடுருவலையும் கூட்டிப் பாருங்கள். 100 வர வேண்டும். 95 தான் வருகிறது என்றால் அந்த 5 சதவீதம் எங்கே போகிறது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

மெல்லேடு:

எங்கள் துறையில் ஒருங்கிணைப்புக் கோளம் இருக்கிறது, நான்தான் இதுவரை பயன்படுத்தவில்லை. ஏட்டின் பக்கம் ஒளி விழ வேண்டுமா, கண்ணாடிப் பக்கமா?

படிகமேசை:

ஏட்டின் பக்கம். கண்ணாடிப் பக்கத்திலிருந்து விட்டால் முதல் 4 சதவீதம் ஏட்டைத் தொடாமலேயே திரும்பிவிடும், எதிரொளிப்பு அளவில் அதுவும் கலந்துவிடும். ஊடுருவலை எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே விடைதான் வரும். எதிரொளிப்பு அப்படியல்ல, உட்கவரும் ஏட்டில் பக்கத்துக்குப் பக்கம் மாறும். நேரம் இருந்தால் இரண்டு பக்கமும் அளந்து இங்கே இடுங்கள், அந்த வேறுபாட்டிலிருந்தே ஏட்டின் க-வைப் பற்றி நிறையச் சொல்ல முடியும்.